காரணம்: தூங்குவதற்கு

பதிவு அலுவலகத்தில் ஒரு தாளுக்கு உயிர் வருவது முத்திரை விழுந்த பிறகுதான். அதற்கு முன் அதில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது வெறும் காகிதம், வடை மடிக்கக்கூட ஆகாது. பிறப்போ, திருமணமோ, பெயர்த் திருத்தமோ, கடைசியில் நான்காம் கவுன்ட்டருக்கு வந்தாக வேண்டும். அங்கே நான்கு முத்திரைகள், ஒரு மைப்பெட்டி, ஒரு பெண்மணி. ‘பெறப்பட்டது’, ‘அனுமதிக்கப்பட்டது’, ‘திருப்பி அனுப்பப்படுகிறது’, ‘ரத்து செய்யப்பட்டது’ ஆகியவை முத்திரைகள். பெண்மணியை எல்லோரும் சீல் அக்கா என்பார்கள். பதவி உயர்வுப் பட்டியலிலும் ஒருமுறை அப்படியே அச்சாகிவிட்டது. அதைத் திருத்த வேண்டுமென்றால் திருத்தத் தாளில் அவள்தான் முத்திரை குத்த வேண்டும். அவளுக்கு நேரமில்லை.

நேரமில்லாததற்குக் காரணம் இருந்தது. பதினொரு மாதங்களுக்கு முன் அவளுக்கு இடதுபுறம் இருந்தவர் ஓய்வு பெற்றார். அடுத்த வாரமே வலதுபுறம் இருந்தவர் மாற்றலாகிப் போனார். நாற்காலிகள் மட்டும் இருந்தன. நாற்காலி இருக்கும்வரை அதில் ஆள் இருப்பதாகவே மேலிடத்துக்கு எழுதுவது அலுவலக மரபு. ஆகவே நான்காம் கவுன்ட்டரில் மூன்று பேர் வேலை செய்தார்கள். அந்த மூன்று பேரும் சீல் அக்காதான்.

அவள் களைத்துவிட்டாள் என்பது முதலில் அவளுக்கே தெரியவில்லை. குளித்துவிட்டு வந்த கணவர் துண்டு கேட்டபோது “டோக்கன் நம்பர் சொல்லுங்க” என்றிருக்கிறாள். அவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். அவள் நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த எண்ணைக் கூப்பிட்ட பிறகுதான் சிரிப்பை நிறுத்தினார்.

விஷயம் முற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். முடிக்காத கோப்புகளையும் முத்திரைகளையும் வீட்டுக்கு எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பி, குத்திக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், தான் வரைந்த படத்தை அம்மாவிடம் நீட்டினாள். ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அம்மா, அம்மாவின் கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள். சீல் அக்கா அதை வாங்கினாள், நேராக வைத்தாள், ‘திருப்பி அனுப்பப்படுகிறது’ என்று குத்தினாள். திரும்ப நீட்டினாள்.

குழந்தை அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உள்ளே போய், பள்ளி அடையாள அட்டையின் நகலைப் படத்தோடு குண்டூசியால் குத்தி மறுபடி கொண்டுவந்து, “இப்போ சரியா இருக்கா பாருங்க மேடம்” என்றது.

சீல் அக்கா அன்றே மூன்று முடிவுகள் எடுத்தாள். முத்திரைகளை இனி வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. அலுவலக மேசை இழுப்பறையில் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொள்வது. மூன்று நாள் விடுப்பு எடுத்துத் தூங்குவது. முதல் இரண்டுக்கும் யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை என்பதால் அவை நடந்தேறின.

விடுப்பு விண்ணப்பத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘தூங்குவதற்கு’ என்று எழுதினாள். பொய் எழுதுவதற்கு வேண்டிய தெம்பு அவளிடம் இல்லை.

மறுநாள் ஊழியர் நல அலுவலர் அவளை அழைத்தார். நல அலுவலரும் ஒரு பெண்மணிதான். மேசையில் இரண்டு கைபேசிகள், அவற்றுக்கு நடுவில் உறையோடு ஒரு கண்ணாடி, இன்னொரு கண்ணாடி தலையில். தேடிக்கொண்டிருந்தது மூன்றாவது கண்ணாடியை. விண்ணப்பத்தை அவர் இரண்டு விரலால் பிடித்திருந்தார். விடுப்புக்கு அங்கீகரிக்கப்பட்ட காரணங்கள் பதினொன்று என்றும், திருமணம், மரணம், மஞ்சள் காமாலை, நாய்க்கடி என்று ஆரம்பித்து வரிசையாகச் சொல்லிவிட்டு, தூக்கம் அதில் இல்லை என்றும் விளக்கினார். களைப்பு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள் சீல் அக்கா. நல அலுவலரின் முகம் மலர்ந்தது.

“அப்போ உங்களுக்கு லீவே தேவையில்லைம்மா. அதுக்குத்தான் திட்டம் வந்திருக்கு.”

திட்டத்தின் பெயர் ‘பணிச்சுமை மிக்க பெண்களுக்கான விரைவான, எளிய புத்துணர்வு வழிகள்’. ஏழு ஆண்கள் கொண்ட குழு ஒன்று மலைமேல் இருக்கும் ஓய்வு விடுதியில் பதினான்கு மாதங்கள் தங்கி, ஓய்வைப் பற்றி நேரடியாக ஆராய்ந்து இதைத் தயாரித்திருந்தது. மொத்தம் ஏழு வழிகள். குழுவில் ஆளுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். கையேட்டின் அட்டையில் ஒரு பெண் வெள்ளைக் கோப்பையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சிரிக்கும்படி கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்பது சீல் அக்காவுக்கு விளங்கவில்லை. ஐந்தாம் கவுன்ட்டர்க்காரிக்கு விளங்கியது. “அக்கா, படத்துல அவளைச் சுத்தி யாருமே இல்லை பாருங்க. நானா இருந்தா காலி கோப்பையைப் பார்த்தே சிரிப்பேன்” என்றாள்.

ஏழு வழிகளையும் இருபத்தொரு நாள் கடைப்பிடிக்க வேண்டும். அதன் பிறகும் களைப்பு நீங்கவில்லையென்றால் ‘புத்துணர்வு பெறாமைச் சான்றிதழ்’ கிடைக்கும். அதை இணைத்தால் விடுப்பு பரிசீலிக்கப்படும். இருபத்தொரு நாள்தானே என்று சீல் அக்கா ஒப்புக்கொண்டாள். பதினொரு மாதம் தாக்குப்பிடித்தவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

முதல் வழி, மூச்சு. காலை பதினொரு மணிக்கு ஒலிபெருக்கியில் ஒரு மணி அடிக்கும். பெண் ஊழியர்கள் எல்லோரும் கண்ணை மூடி மூன்று நிமிடம் ஆழ்ந்து சுவாசிக்க வேண்டும். பதினொரு மணிதான் கவுன்ட்டரில் கூட்டம் நெரியும் நேரம். வரிசையில் நின்றவர்கள் முதல் நாள் பயந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் கம்பிக்குள் கையை விட்டு மேசையைத் தட்டி, “ஏம்மா, உயிரோட இருக்கியா? என் பேரன் பேரைத் திருத்திட்டுப் போயிடு” என்றார். சீல் அக்கா கண்ணைத் திறக்காமல் தாளை வாங்கிக் குத்திக் கொடுத்தாள். மூச்சும் விட்டாயிற்று, வேலையும் நடந்தாயிற்று.

மூச்சு விட்டவர்கள் அதற்குரிய சீட்டை நிரப்ப வேண்டும். உள்ளிழுத்தது எத்தனை, வெளிவிட்டது எத்தனை, வித்தியாசம் இருப்பின் காரணம். நிரப்பிய சீட்டில் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை இருந்தால்தான் மூச்சு செல்லும். முத்திரை நான்காம் கவுன்ட்டரில் இருந்தது.

திட்டத்தின் இந்த அம்சத்தைக் குழு மலைமேல் யோசித்திருக்கவில்லை. அலுவலகத்தில் நல அலுவலரையும் சேர்த்து நாற்பத்து நான்கு பெண்கள். ஆளுக்கு ஏழு வழி, வழிக்கு ஒரு சீட்டு. நாளொன்றுக்கு முந்நூற்றெட்டுச் சீட்டுகள் சீல் அக்காவின் மேசைக்கு வர ஆரம்பித்தன. அவளுடைய ஏழும் அதில் அடக்கம்.

இரண்டாவது வழி, அமைதி அறை. பழைய ஆவண அறையைக் காலி செய்து, சுவரில் நீலம் அடித்து, ‘அமைதி’ என்று எழுதியிருந்தார்கள். பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த காவலாளி நீண்ட விடுப்பில் போயிருந்தார். அவருக்கு நாய்க்கடி. ஆகவே பெண்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வந்தால் போதும் என்று சுற்றறிக்கை வந்தது. கதவுக்கு முன் வரிசை நீண்டது. யார் முந்தி என்பதில் தினமும் இரைச்சல் எழுந்தது.

மூன்றாவது, நன்றிக் குறிப்பேடு. தினமும் மூன்று விஷயங்களுக்கு நன்றி எழுதி, பிரிவுத் தலைவரிடம் கையொப்பம் பெற வேண்டும். சீல் அக்கா முதல் நாள், மின்விசிறி ஓடியது, மை காயவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் வரவில்லை என்று எழுதினாள். மூன்றிலும் அலுவலகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்று குறிப்பேடு திரும்பி வந்தது. இரண்டாம் நாள், ‘அலுவலகம் ஆறு மணிக்குப் பூட்டப்படுகிறது, அதற்கு நன்றி’ என்று எழுதினாள். அதுவும் திரும்பி வந்தது. திரும்பி வந்தவை எல்லாவற்றிலும் ‘திருப்பி அனுப்பப்படுகிறது’ என்று அவளே குத்திக்கொண்டாள்.

நான்காவது, தனக்கான நடை. மதியச் சாப்பாட்டு வேளையில் கட்டடத்தை வேகமாக ஒரு சுற்று. சாப்பாடு எப்போது என்று ஒருத்தி கேட்டதற்கு, கையேட்டில் அது இல்லை என்று பதில் வந்தது.

ஐந்தாவது, கண்ணாடியைப் பார்த்து மூன்று நிமிடம் புன்னகைப்பது. கண்ணாடி இருந்தது கழிவறையில் மட்டும். ஆறாவது, வீட்டாரிடம் உதவி கேட்பது. இதற்கு வீட்டார் ஒருவர் சீட்டில் சான்றளிக்க வேண்டும். சீல் அக்காவின் கணவர் நல்ல மனிதர். “நீ உக்காரு, இன்னைக்குச் சமையல் என் பொறுப்பு” என்று அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு உப்பு எங்கே என்று கேட்டார், அடுப்பு எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்டார், இது கொத்தமல்லியா வேறெதுவுமா என்று கையில் பிடித்துக் காட்டினார். மூன்று நிமிடத்தில் பதினேழு கேள்வி. சீட்டில் ‘முழு உதவி செய்தேன்’ என்று மனதார எழுதிக் கையெழுத்திட்டார். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்தார்.

ஏழாவதுதான் விசேஷம். ‘முடியாது’ என்று சொல்லப் பழகுவது. இதற்காகச் சனிக்கிழமை முழுநாள் பயிற்சி, கட்டாயம் வரவேண்டும். சனிக்கிழமை தன்னால் வர முடியாது என்று சீல் அக்கா நல அலுவலரிடம் சொன்னாள். நல அலுவலர் எழுந்து கைகுலுக்கினார். இவ்வளவு தெளிவாக ‘முடியாது’ சொன்ன முதல் ஊழியர் அவள்தானாம். அந்த அனுபவத்தைப் பற்றிச் சனிக்கிழமை மேடையில் அரைமணி நேரம் பேச வேண்டும் என்று அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமைப் பயிற்சியின் மதிய அமர்வை இயக்குநர் தொடங்கிவைத்தார். இயக்குநரின் அறை வாசலில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை அது எரியும், ‘ஆலோசனையில் இருக்கிறார்’ என்று பலகை தொங்கும். ஆலோசனையின் சத்தம் சில நாள் மூன்றாம் கவுன்ட்டர்வரை கேட்கும், சீராக, ஏறி இறங்கி. அன்று அந்த நேரத்தில் எழுப்பப்பட்டதால் அவர் குரல் கொஞ்சம் கட்டியிருந்தது.

“களைப்புங்கறது மனசுல இருக்கறதும்மா. நானும் மனுஷன்தானே. எனக்குத் தண்ணி வேணும்னா மணி அடிக்கணும். மணி மேசையோட அந்தக் கோடியில இருக்கு. எத்தனை தடவை எட்டி எட்டி அடிக்கிறேன்? என்னைக்காவது உங்ககிட்ட சொல்லியிருக்கேனா? பெண்கள் இயற்கையிலேயே பொறுமைசாலிகள். அதனாலதான் ரெண்டு காலியிடத்தை நிரப்பாமலே இந்த ஆபீஸ் நடக்குது. உங்க பொறுமையை மதிக்கிறதாலதான் நாங்க ஆள் போடறதில்லை. போட்டா உங்களை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்.”

கைதட்டல் எழுந்தது. கைதட்டலுக்கும் சீட்டு இருந்தது. அதன் பிறகு சீல் அக்கா மேடையேறி ‘முடியாது’ என்பதைப் பற்றி முப்பது நிமிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று அவளுக்கு நினைவில்லை. நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். நல அலுவலர் முதல் வரிசையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவள் தோளைத் தட்டியதும் திடுக்கிட்டு, “மூச்சை வெளிய விடுங்க” என்றார்.

இருபத்தொரு நாள் முடிந்தது. சீல் அக்காவுக்குச் சீட்டுகள் கனவில் வந்தன என்று சொல்லத் தோன்றும். கனவு வருமளவுக்கு அவள் தூங்கவில்லை. புத்துணர்வு பெறாமைச் சான்றிதழ் கேட்டு நல அலுவலர் முன் போய் நின்றாள்.

நல அலுவலர் கோப்பைத் திறந்தார். நூற்று நாற்பத்தேழு சீட்டுகளும் இருந்தன. ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றிலும் அடித்தல் திருத்தல் இல்லை, எல்லாவற்றிலும் முத்திரை கோணாமல் விழுந்திருந்தது. வேறு யாருடைய கோப்பும் இப்படி இல்லை.

“களைச்சுப்போனவங்க இப்படிச் செய்ய முடியுமா? நீங்களே சொல்லுங்க.”

“செய்யலைன்னா சர்டிபிகேட் தரமாட்டீங்கன்னு சொன்னீங்க மேடம்.”

“அதான். செஞ்சுட்டீங்க. செஞ்சதால உங்களுக்குக் களைப்பு இல்லைன்னு ஆயிடுச்சு.” நல அலுவலர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். “செய்யாம விட்டிருந்தா, திட்டத்துக்கு ஒத்துழைக்கலைன்னு ஆகியிருக்கும். எப்படிப் பார்த்தாலும் லீவு இல்லைம்மா. விதியை நான் எழுதலை.”

விதியை எழுதிய ஏழு பேரும் அப்போது மலைமேல் இருந்தார்கள். இரண்டாம் கட்ட ஆய்வு.

விண்ணப்பம் இயக்குநரிடம் போனது. அவர் எல்லாத் தாள்களிலும் எழுதுவதுபோல் ‘விதிப்படி செய்க’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். திருப்பி அனுப்பலாம் என்ற நல அலுவலரின் துண்டுச்சீட்டு அதன்மேல் செருகப்பட்டது. செருகிய கட்டு, எல்லாக் கட்டுகளையும்போல, நான்காம் கவுன்ட்டருக்கு வந்தது. அன்றைய முந்நூற்றெட்டுச் சீட்டுகளுக்கு நடுவில், நாற்பது பெயர்த் திருத்தங்களுக்கும் பன்னிரண்டு திருமணங்களுக்கும் இடையில்.

மாலை ஐந்தே முக்கால். சீல் அக்கா குத்திக்கொண்டிருந்தாள். கை தானாகப் போய்வந்துகொண்டிருந்தது. துண்டுச்சீட்டு எங்கோ நழுவி விழுந்தது. தன் கையெழுத்தைக்கூட அவள் கவனிக்கவில்லை. முன்னால் குத்திய பன்னிரண்டும் திருமணம். கையில் இருந்தது ‘அனுமதிக்கப்பட்டது’. பதின்மூன்றாவது தாளிலும் அது விழுந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு உத்தரவு அவள் மேசைக்கு வந்தது. மூன்று நாள் விடுப்பு, இன்று முதல். காரணம்: தூங்குவதற்கு. அவள் மூன்று முறை படித்தாள். தவறு நடந்திருக்கிறது, தெரிவிக்க வேண்டும் என்று எழுந்தாள். ஐந்தாம் கவுன்ட்டர்க்காரி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“அக்கா, சீல் இருக்கு. நீங்க குத்தின சீலை நீங்களே நம்பலைன்னா வெளிய நிக்கிற ஜனம் எப்படி நம்பும்? பையை எடுங்க. திரும்பிப் பார்க்காம நடங்க.”

சீல் அக்கா இழுப்பறையைப் பூட்டினாள். சாவி சங்கிலியில் இருந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

செய்தி பத்தரைக்கு இயக்குநரை எட்டியது. உடனே ரத்து செய்யச் சொன்னார். அனுமதிக்கப்பட்டதை ரத்து செய்ய வேண்டுமானால் ‘ரத்து செய்யப்பட்டது’ என்ற முத்திரை வேண்டும். அது இழுப்பறைக்குள் இருந்தது. இழுப்பறையை உடைக்கலாம் என்றார் ஒருவர். அலுவலகச் சொத்தை உடைப்பதற்கு அனுமதி முத்திரை வேண்டும். விடுப்பில் போகிறவர் சாவியை அடுத்த இருக்கைக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருக்கிறதே, அந்தக் குற்றத்துக்கு நடவடிக்கை எடுக்கலாம் என்றார் இன்னொருவர். எல்லோரும் நான்காம் கவுன்ட்டரின் இரண்டு பக்கமும் இருந்த நாற்காலிகளைப் பார்த்தார்கள். அடுத்த இருக்கையில் ஆளில்லை என்று எழுதினால், பதினொரு மாதமாக ஆள் இருப்பதாக எழுதியது என்ன ஆவது? நடவடிக்கை கைவிடப்பட்டது.

வீட்டுக்குத் தொலைபேசி போனது. கணவர் எடுத்தார். அவள் தூங்குவதாகச் சொன்னார். எழுப்புங்கள், அவசரம் என்றார் இயக்குநரே. கணவர் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“எழுப்பச் சொல்லி எழுத்துல குடுங்க சார். சீல் போட்டு.”

அந்த மூன்று நாளும் அலுவலகத்தில் எந்த முத்திரையும் விழவில்லை. பொதுமக்களிடம் சர்வர் வேலை செய்யவில்லை என்று வழக்கம்போல் சொல்லப்பட்டது. அவர்களும் வழக்கம்போல் நம்பவில்லை. பதினொரு மணிக்கு ஒலிபெருக்கியில் மணி அடித்தது. முத்திரை இல்லாத மூச்சு செல்லாது என்பதால் யாரும் ஆழ்ந்து சுவாசிக்கவில்லை. நீலக் கதவுக்கு முன் யாரும் நிற்கவில்லை. மதியம் யாரும் கட்டடத்தைச் சுற்றவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இரண்டாம் நாள் ஐந்தாம் கவுன்ட்டர்க்காரி ஏதோ சொல்ல, கழிவறைக் கண்ணாடியின் துணையில்லாமலே ஏழெட்டுப் பேர் சிரித்துவிட்டார்கள்.

சீல் அக்கா முதல் நாள் தூங்கினாள். இரண்டாம் நாள் மதியம் எழுந்து, தண்ணீர் குடித்து, உப்பு எங்கே இருக்கிறது என்று கணவர் கேட்காமலே கண்டுபிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, மறுபடி தூங்கினாள். மூன்றாம் நாள் காலை கண் விழித்தபோது தலையணைப் பக்கத்தில் அந்தப் படம் கிடந்தது. அடையாள அட்டையின் நகலோடு, இன்னும் நிலுவையில். முத்திரை கைவசம் இல்லாததால் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்தாள். மகள் வாங்கிப் படித்துவிட்டு, கண் இருந்த இடத்துக் கோடுகளை அழித்து இரண்டு வட்டம் போட்டாள்.

நான்காம் நாள் அவள் வேலைக்கு வந்தபோது அறிவிப்புப் பலகையில் இயக்குநரின் அறிக்கை இருந்தது. புத்துணர்வுத் திட்டம் மகத்தான வெற்றி பெற்றுள்ளதாகவும், கடந்த மூன்று நாட்களில் பெண் ஊழியர்களின் முகத்தில் தெளிவான மலர்ச்சி காணப்பட்டதாகவும், எனவே ஏழு வழிகள் பதினான்காக உயர்த்தப்படுவதாகவும் சொன்னது. அறிக்கையில் முத்திரை இல்லை. ஆகவே அது இன்னும் வெறும் காகிதம்தான்.

சீல் அக்கா இழுப்பறையைத் திறந்தாள். மைப்பெட்டியைத் துடைத்தாள். டோக்கன் ஒன்று என்று கூப்பிட்டாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நல அலுவலர் நின்றார். தலையில் ஒரு கண்ணாடி, கையில் டோக்கன், இன்னொரு கையில் நான்காக மடித்த ஒரு தாள். உள்வழியாக வந்திருக்கலாம், வரிசையில் வந்திருந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டே தாளை நீட்டினார்.

“அவசரம் ஒண்ணும் இல்லைம்மா. மத்த பேப்பரோட பேப்பரா வச்சுக் குத்துங்க, போதும்.”

சீல் அக்கா தாளைப் பிரித்தாள். மூன்று நாள் விடுப்பு. காரணம் என்ற கட்டத்தில் ‘தூங்குவதற்கு’ என்று எழுதி, அடித்து, மேலே ‘திருமணம்’ என்று எழுதியிருந்தது.

“யாருக்குக் கல்யாணம் மேடம்?”

நல அலுவலர் தலையில் இருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாக, “எங்கயாவது யாருக்காவது நடக்கும்லம்மா” என்றார்.

சீல் அக்கா ‘திருமணம்’ என்பதைப் பேனாவால் அடித்தாள். கீழே அடிபட்டிருந்த வார்த்தையைத் திரும்பவும் தெளிவாக எழுதினாள். நான்கு முத்திரைகளையும் ஒருமுறை பார்த்தாள். இந்த முறை கண் நன்றாகத் திறந்திருந்தது. வேண்டியதை எடுத்துக் குத்தினாள்.

சத்தம் கேட்டு, பின்னால் ஆளுக்கொரு மடித்த தாளோடு வரிசையில் நின்ற, அலுவலகத்தின் மற்ற நாற்பத்திரண்டு பெண்களும் தத்தம் டோக்கனை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்கள்.